மேல் படியில் மஞ்சள் சட்டை

திருப்பனந்தாள் அருகே
ஆகஸ்ட் 6

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் என் குட்டி யானை வண்டியும் சுகம். நீயும் உன் வலது முழங்காலும் சுகமா?

முதலில் மானம் போன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே சொன்னால் பாதியாவது மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன்னால் உங்கள் கோச் பிரகதாம்பாள் மேடம் என்னிடம் வந்தார். "ஐயா, மேல் படியில உக்காந்து கோர்ட் முழுசும் தெரியற மாதிரி வீடியோ எடுத்துக் குடுங்க. அதை வச்சுதான் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தணும்" என்றார். "அதுக்கென்ன மேடம், அசத்திடுவோம்" என்றேன். எட்டாவது படித்தவனுக்கு இந்த வாய் ஆகாது.

அடித்த வெயிலில் போன் திரை கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. சரி, அது பாட்டுக்கு எடுக்கும் என்று தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். முதல் கால் பாகம் முடிந்து விசில் ஊதிய பிறகுதான், பக்கத்தில் கடலை தின்றுகொண்டிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "ஏண்ணே, உங்க மூஞ்சியவா இவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றது. பார்த்தால் ஆமாம். துண்டை வாயில் வைத்துக் கடிப்பதும், எழுந்து எழுந்து உட்காருவதும், நான்தான்.

அதற்கப்புறம் போனைத் திருப்பிப் பிடித்தேன். ஆனால் கை பந்தோடு போகவில்லை, உன்னோடு போய்விட்டது. பந்து எங்கே போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடைவீதியில் போன் கடை வைத்திருக்கும் ஜாஹித், பென் டிரைவில் ஏற்றிக் கொடுக்கும்போது, "மாமா, இது மேட்ச் வீடியோவா, ஒத்தப் பொண்ணு வச்ச கல்யாண வீடியோவா?" என்று கேட்டான். அந்தப் பென் டிரைவை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். மேடம் திட்டினால் என் பேரைச் சொல்லிவிடு.

உங்கம்மா ஓசூரில் உன் அக்கா கனிமொழி வீட்டில்தான் இருக்கிறாள். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று தூங்கினால் ஒன்று விழிக்கிறதாம். மூன்று மாதம் என்று போனவள் இப்போது "பார்ப்போம்" என்கிறாள். எனக்கு ரசம் வைக்க வந்துவிட்டது. அதனால் தினமும் ரசம்.

ஞாயிறு ஹாஸ்டல் போனில் நாம் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? பின்னால் நிற்கும் பிள்ளைகள் "சீக்கிரம்டி" என்று கத்துவது எனக்கே கேட்கிறது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். இனிமேல் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

முட்டியைப் பார்த்துக்கொள்.
அப்பா, ரெத்தினம்

*

விளையாட்டு விடுதி, தஞ்சாவூர்
ஆகஸ்ட் 15

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் செம்மொழி. முட்டி பரவாயில்லை. உங்கள் வயிறு எப்படி இருக்கிறது, தினமும் ரசம் குடித்து?

வீடியோவை டிவி அறையில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். உங்கள் முகம் வந்ததும் கத்திய கத்தில் வார்டன் ஓடி வந்துவிட்டார். எங்கள் கேப்டன் பூர்ணிமா அக்கா துண்டைக் கடிப்பது மாதிரி அப்படியே செய்து காட்டினார். இப்போது ஹாஸ்டலில் உங்களுக்குப் பேர் 'ஹீரோ அப்பா'. மேடமே சிரித்தார். நான் வந்து ஒரு வருஷத்தில் அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

பிறகு எல்லாரையும் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு, மேடம் மட்டும் மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். சத்தத்தை அணைத்துவிட்டு. என் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பிப் போனபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் கடிதம் போட்டது நல்லதாகிவிட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு, அதில் கற்றதை ஆட்டமே தெரியாத ஒருவருக்குக் கடிதமாக எழுத வேண்டும் என்று மேடம் இந்த வருஷம் சட்டம் போட்டிருக்கிறார். "தெரிஞ்சவங்ககிட்ட எல்லாரும் பேசிடுவீங்கடி. தெரியாத ஒருத்தருக்குப் புரிய வை. முடியலேன்னா உனக்கே புரியலேன்னு அர்த்தம்" என்றார். கடிதத்தைப் படிக்க மாட்டார். ஒட்டிய உறையை வாங்கித் தபால் பெட்டியில் போடுவார், அவ்வளவுதான். ஆட்டமே தெரியாத ஆள் என்றதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே பாடம். நான் 'கார்டு'. பந்தை நம் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டு போய் எதிர்ப் பக்கம் சேர்ப்பது என் வேலை. பந்து அவர்கள் கைக்குப் போனால், அவர்கள் கார்டை மறித்து நிற்பதும் என் வேலை. நான் இரண்டாவது வேலையில் மோசம். ஏன் என்று இன்னும் தெரியவில்லை. டிசம்பர் கடைசியில் ஓர் ஆட்டம் வைத்து, யார் யார் ஹாஸ்டலில் தொடரலாம் என்று முடிவு செய்வார்களாம். அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

அம்மாவிடம் பேசினால் கேட்டதாகச் சொல்லுங்கள். ரசத்தோடு ஓர் அப்பளமாவது பொரித்துக்கொள்ளுங்கள்.

செம்மொழி

*

திருப்பனந்தாள் அருகே
ஆகஸ்ட் 27

அன்பு மகளுக்கு ஹீரோ அப்பா எழுதுவது. வயிறு, வண்டி இரண்டும் நல்ல நிலையில். அப்பளம் பொரித்தேன். பாதி கரி.

உன் கடிதத்தை சாமிதுரை டீக்கடையில் வைத்துத்தான் பிரித்தேன். ஹீரோ என்று எழுதிய இடத்தைக் கொஞ்சம் சத்தமாகப் படித்துவிட்டேன். "எந்தப் படத்துல ஹீரோ, மாடு மேய்க்கிற படமா?" என்றான் சாமிதுரை. பொறாமை.

குறுவை அறுப்பு நெருங்குகிறது. அதற்கு முன்னால் செப்டம்பர் எட்டாம் தேதி கும்பகோணம் ஆட்டத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை கோர்ட் முழுசும் எடுத்துத் தருவேன் என்று மேடத்திடம் சொல்.

இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறேன். மஞ்சள் சட்டை ஒன்று எடுத்திருக்கிறேன். சாதாரண மஞ்சள் இல்லை, தூரத்திலிருந்து பார்த்தாலே கண் கூசும். எதற்குத் தெரியுமா? போன ஆட்டத்தில் பந்து கை நழுவியதும் நீ மேல் படியைப் பார்த்தாய். அந்தக் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிக்க உனக்கு நேரமாயிற்று. நான் 'பரவாயில்ல பாப்பா' என்று கையை ஆட்டியது பாதி நேரம் உனக்குத் தெரியவே இல்லை. இனிமேல் தேட வேண்டாம். பார்த்த உடனே தெரிவேன்.

சின்ன வயதில் சைக்கிள் பழகும்போதும் நீ இப்படித்தான். விழுந்ததும் அழமாட்டாய். முதலில் என் மூஞ்சியைப் பார்ப்பாய், அப்புறம்தான் அழுவதா வேண்டாமா என்று முடிவு செய்வாய்.

முட்டிக்குத் தைலம் கொண்டுவருகிறேன். தண்ணீர் நிறையக் குடி.
அப்பா

*

தஞ்சாவூர்
செப்டம்பர் 2

அன்புள்ள அப்பாவுக்கு, நலம். நீங்கள் நலம்தானே?

கும்பகோணம் ஆட்டத்துக்கு நீங்கள் வர வேண்டாம் அப்பா. அங்கே படிக்கட்டெல்லாம் இடித்துப் போட்டிருக்கிறார்களாம், உட்கார இடம் இருக்காது. வெயிலும் அதிகம். அறுப்பு நேரத்தில் வண்டி ஓட்டத்தையும் விட வேண்டாம். வீடியோவைப் பூர்ணிமா அக்காவின் அண்ணன் எடுக்கிறார்.

தைலம் இங்கேயே இருக்கிறது. சட்டையை எடுத்து வையுங்கள்.

பரீட்சைக்குப் படிக்க வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

செம்மொழி

*

தஞ்சாவூர்
செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய ரெத்தினம் ஐயா அவர்களுக்கு, பயிற்சியாளர் பிரகதாம்பாள் எழுதுவது. தாங்களும் ஓசூரில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

செம்மொழிக்கு நீங்கள் பதில் போடவில்லை என்று அறிந்தேன். கும்பகோணத்தில் படிக்கட்டு நன்றாகத்தான் இருந்தது. உங்களை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னது நான். காரணத்தை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்த வீடியோவில் முதல் பாகத்தில் உங்கள் முகம் இருக்கிறது. மற்றப் பாகங்களில் அவள் மட்டும் இருக்கிறாள். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பந்தோடு போகும் எந்த வீடியோவிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று அதில் இருந்தது. தவறு செய்தவுடன் அவள் தலை மேல் படிக்குத் திரும்புகிறது. உங்களைத் தேடுகிறாள். அவள் தேடி முடிப்பதற்குள், அவள் மறிக்க வேண்டிய பெண் எங்கள் வளையத்துக்கு அடியில் போய் நிற்கிறாள். அவளுக்கு ஓட்டமோ பயிற்சியோ குறைவு என்றுதான் ஒரு வருஷமாக நினைத்திருந்தேன்.

உங்கள் முகத்தையும் பார்த்தேன் ஐயா. அதில் எதுவும் மறைவதில்லை. அவள் பயப்படுவது ஆட்டத்துக்கு இல்லை, அந்த முகம் வாடிவிடுமோ என்றுதான். இதில் யார் மேலும் குற்றமில்லை. ஆனால் டிசம்பர் வரை அவள் ஆடும் ஆட்டத்துக்கு நீங்கள் வராமல் இருந்தால் அவளுக்கு நல்லது.

கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். நாகப்பட்டினம், மயிலாடுதுறை அணிகளோடு நாங்கள் மோத வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் உங்கள் வண்டி போவதாகச் செம்மொழி சொன்னாள். அவர்கள் ஆட்டத்தை நீங்கள் எடுத்துத் தர முடியுமா? பந்தைத் துரத்த வேண்டாம். ஐந்து பேரும் எப்போதும் தெரிந்தால் போதும். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யாரும் ஆடமாட்டார்கள், கை ஆடாது.

இப்படிக்கு,
பிரகதாம்பாள்

*

திருப்பனந்தாள் அருகே
செப்டம்பர் 20

மேடம் அவர்களுக்கு ரெத்தினம் வணக்கம். தாங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டாவது தடவை கண்ணாடி முன்னால் போய் நின்று என் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். கண்ணாடிக்கே பாவமாக இருந்திருக்கும்.

என் மகள் ஓடவேண்டிய நேரத்தில் என்னைத் தேடுகிறாள் என்று எனக்கு முன்னமே தெரியும் மேடம். அது கெடுதல் என்று தெரியாது. அதைப் பார்க்கத்தான் வருவேன். தேடாமல் கண்டுபிடிக்கட்டும் என்று மஞ்சள் சட்டை வேறு எடுத்தேன். நல்லவேளை, நீங்கள் தடுத்தீர்கள். இல்லாவிட்டால் அடுத்து தலையில் ஒரு குழல்விளக்கு கட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

வரமாட்டேன். வீடியோ எடுத்துத் தருகிறேன். வைக்கோல் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் பக்கம் அடிக்கடி போகிறேன். மயிலாடுதுறை கூப்பிடு தூரம்.

பாப்பா பொய் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நல்ல மனசில் சொன்ன பொய்.

இப்படிக்கு,
ரெத்தினம்

*

திருப்பனந்தாள் அருகே
அக்டோபர் 13

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா. எனக்குச் சளி, மற்றபடி குறைவில்லை. உனக்கு? மேடம் எல்லாம் எழுதிவிட்டார். அதைப் பற்றி இனி நாம் பேச வேண்டாம். படிக்கட்டு இடித்த கதை நன்றாக இருந்தது.

நான் இப்போது உங்கள் அணியின் ஒற்றன். நேற்று நாகப்பட்டினம் பிள்ளைகளின் ஆட்டம். வைக்கோலை இறக்கிவிட்டு, திரும்பும் சவாரியாகக் கருவாட்டு மூட்டை ஏற்றினேன். அந்த வாசனையோடு மேல் படியில் போய் உட்கார்ந்ததும் சுற்றியிருந்த ஜனம் தானாக விலகிவிட்டது. யார் தலையும் மறைக்கவில்லை. இவ்வளவு வசதி உலகக் கோப்பையில்கூடக் கிடைக்காது.

என் ஒற்றறிக்கை: ஒன்பதாம் நம்பர் பெண் குட்டை, ஆனால் மின்னல். அவள்தான் உனக்கு எதிரே வரும் கார்டு என்று நினைக்கிறேன். நான்காம் நம்பர் உயரம், நல்ல பிள்ளை, கீழே விழுந்த எதிராளியைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டது. பதினோராம் நம்பருக்குப் பசி, பாதி ஆட்டத்தில் வாழைப்பழம் தின்றது. மேடத்துக்கு இது எதற்காவது உதவுமா தெரியவில்லை. வீடியோவில் ஐந்து பேரும் இருக்கிறார்கள். கை ஆடவே இல்லை. மேடம் சொன்னது பலித்தது.

எனக்கு முன்வரிசையில் ஒருவர், கடலுக்குப் போகிற ஆள் மாதிரி, காய்த்துப்போன கை. ஒன்பதாம் நம்பர் பந்தைப் போடும்போதெல்லாம் "அடி சக்கை!" என்று குதித்தார். திரும்பி என்னைப் பார்த்து, "நம்ம பொண்ணுங்க. உங்க பொண்ணு எது?" என்று கேட்டார். "இதுல இல்லீங்க" என்றேன். "பின்ன எதுக்கு வந்தீங்க?" என்றார். வைக்கோல் போட வந்தேன் என்றேன்.

அம்மா தீபாவளிக்கு வரவில்லையாம். பிள்ளைகளுக்குத் தடுப்பூசிக் காய்ச்சல். இரண்டு மா நிலத்தில் சம்பா நடவு முடிந்தது.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.
அப்பா

*

தஞ்சாவூர்
நவம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு, சளி போய்விட்டதா? பதில் போட இவ்வளவு நாளானதற்கு மன்னித்துவிடுங்கள். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப் போட்டேன்.

வாழைப்பழ விஷயத்தை மேடத்திடம் சொன்னேன். "உங்கப்பா எழுதறதை விட எடுக்கறது நல்லா இருக்கு" என்றார். நீங்கள் எடுத்ததில் வேறொன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த ஒன்பதாம் நம்பர் இடது பக்கம் போவதே இல்லையாம். ஆட்டம் முழுக்க வலதுதான். இப்போது நாங்கள் வலதை அடைத்து நிற்கப் பழகுகிறோம்.

மயிலாடுதுறையோடு தோற்றுவிட்டோம் அப்பா. என்னால்தான். நான் மறிக்க வேண்டிய பெண் என்னைத் தாண்டித் தாண்டிப் போனாள்.

தோற்ற அன்று மேடம் ஒரு வார்த்தை பேச விடமாட்டார். மறுநாள் காலையில் அதே ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும், ஆனால் நாங்கள் எதிர் அணியாக. யார் யாரை மறித்தோமோ அவளாக மாறி ஆட வேண்டும். நான் அந்த மயிலாடுதுறைப் பெண். பூர்ணிமா அக்கா 'செம்மொழி'. வீடியோவைப் பார்த்துப் பார்த்து அக்கா என்னை மாதிரியே ஆடினார், ஓட்டம், கையை உதறுவது எல்லாம். ஒரு பந்து அவர் கையிலிருந்து நழுவியது. உடனே தலையைத் தூக்கி மேல் படியைப் பார்த்தார். நான் யோசிக்கவே இல்லை அப்பா, கால் தானாகக் கிளம்பிவிட்டது. அவரைத் தாண்டிப் போய்ப் பந்தைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் விளங்கியது. இதற்குத்தான் அந்தப் பெண் காத்திருந்தாள். இவள் மேலே பார்ப்பாள், அப்போது கிளம்பு என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடமும் வீடியோ இருந்திருக்கும்.

அந்த ஆட்டத்துக்கு நீங்கள் வரவில்லை. மேல் படியில் யாருமே இல்லை, மழைத் தூறல். அப்படியும் பார்த்திருக்கிறேன்.

இதைத்தான் எழுத முடியவில்லை. வயலில் தண்ணீர் நிற்கிறதா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்மொழி

*

திருப்பனந்தாள் அருகே
நவம்பர் 24

அன்பு மகளுக்கு அப்பா. சளி போய் இருமல் வந்திருக்கிறது, ஆள் மாற்றி விளையாடுகிறது. நீ நனைந்த உடையோடு நிற்காதே.

வயலில் முழங்கால் தண்ணீர். வடிவாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. நானும் சாமிதுரையும் இறங்கி இழுத்துப் போட்டோம். இன்றைக்குப் பயிர் நுனி தெரிகிறது. பிழைத்துக்கொள்ளும். வண்டி ஓட்டம் இல்லை. மழையில் யார் வைக்கோல் ஏற்றுவார்கள்?

வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கூத்து செய்தேன். சிரிக்காதே. ஈரத் துண்டைப் பந்து மாதிரி சுருட்டி, மூலையில் இருக்கும் அழுக்குத்துணிக் கூடையில் எறிந்து பார்த்தேன். கோடு கிழித்து, நீ சொன்ன மாதிரி முட்டியை மடக்கி, முறைப்படிதான். விழுந்ததைவிட விழாததுதான் அதிகம். விழாதபோதெல்லாம் நான் என்ன செய்கிறேன் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். சமையல்கட்டு வாசலைத் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே உங்கம்மா நின்று "வயசான காலத்துல வெளையாட்டப் பாரு" என்று சொல்ல வேண்டும். வாசலில் விளக்குமாறுதான் சாத்தி வைத்திருந்தது.

அதனால் நீ யாரும் இல்லாத படிக்கட்டைப் பார்த்ததற்கு மேடம் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். இது நம் குடும்ப வழக்கம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூடைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டு போட்டேன். நீ அப்படிச் செய்ய முடியாது. வேறு வழி மேடத்துக்குத் தெரியும்.

மயிலாடுதுறை ஆட்டம் ஒன்றை எடுத்து ஜாஹித்திடம் கொடுத்திருக்கிறேன். அனுப்புகிறான். அந்தப் பிள்ளைகளும் நல்லாத்தான் ஆடுகின்றன. கைதட்டினேன். தட்டக்கூடாதா?

அம்மா பொங்கலுக்கு நிச்சயம் என்கிறாள். முட்டி?
அப்பா

*

தஞ்சாவூர்
டிசம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு, முட்டி முழுசாகச் சரி. இருமலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா, இல்லை சாமிதுரை மாமா டீயில் இஞ்சி போட்டுக் கொடுத்ததோடு சரியா?

துண்டுக் கதையைப் பூர்ணிமா அக்காவிடம் மட்டும் சொன்னேன். சிரிக்கவில்லை. அவர் அப்பா கத்தாரில் இருக்கிறார்.

வேறு வழி மேடத்துக்குத் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். அது இதுதான்: பந்து போனால் உடனே வாய்விட்டு எதிராளியின் நம்பரைச் சொல்ல வேண்டும். "ஒன்பது!" என்று கத்தினால் கண் தானாக ஒன்பதிடம் போய்விடும். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது தூக்கத்திலும் நம்பர் சொல்கிறேனாம். பக்கத்துக் கட்டில் பிள்ளை திட்டுகிறது.

தேர்வு ஆட்டம் இருபத்தெட்டாம் தேதி, தஞ்சாவூரிலேயே, நாகப்பட்டினத்தோடு. நீங்கள் வரலாம் அப்பா. மேடம்தான் சொன்னார். "உங்கப்பா இல்லாதப்ப பார்க்காம ஆடறது அரைப் பரீட்சைதான். இருக்கும்போது பார்க்காம ஆடு, நம்பறேன்" என்றார். நீங்களே வீடியோ எடுக்க வேண்டுமாம். சத்தம் போடக் கூடாது, உங்கள் குரல் அதில் பதிந்துவிடும்.

நான் பார்க்க மாட்டேன். அதற்காக வருத்தப்படக் கூடாது. இப்போதே சொல்லிவிட்டேன்.

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், பனி.
செம்மொழி

*

திருப்பனந்தாள் அருகே
டிசம்பர் 31

அன்புள்ள செவ்வந்திக்கு ரெத்தினம் எழுதுவது. நீயும் கனிமொழியும் இரண்டு வாலில்லாக் குரங்குகளும் சௌக்கியமா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பயப்படாதே, கெட்ட சேதி இல்லை. போனில் சொல்லலாம் என்றால் ஒன்று அழுகிறது, அது நிறுத்தினால் மற்றது. பாப்பாவுக்கு எழுதி எழுதி எனக்குக் கை பழகிவிட்டது.

பாப்பா தேர்வாகிவிட்டாள் என்று சொன்னேனே, அந்த ஆட்டத்தைச் சொல்கிறேன்.

மேல் படியில் உட்கார்ந்தேன். போனில் கோர்ட் முழுசும் தெரிகிறது, ஒவ்வொரு பிள்ளையும் கட்டைவிரல் அளவு. மேடம் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு மூஞ்சி வரலையே" என்றார். "அதைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன் மேடம்" என்றேன்.

மூன்றாவது பாகத்தில்தான் உயிர் போயிற்று. இரண்டு பக்கமும் சமம். பாப்பா பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள், கை நழுவிவிட்டது. நாகப்பட்டினத்து ஒன்பதாம் நம்பர் அள்ளிக்கொண்டு ஓடினாள். நான் பாதி எழுந்துவிட்டேன். போன் ஆடும் என்று அப்படியே குனிந்த வாக்கில் நின்றேன். நாகப்பட்டினத்தில் பார்த்த அந்தக் கடலுக்குப் போகிறவர் அன்றைக்கும் வந்திருந்தார், "அடி சக்கை!" என்று குதித்தார். இங்கே நம் பெண் "ஒன்பது!" என்று கத்தியது மேல் படி வரைக்கும் கேட்டது செவ்வந்தி. தலை நிமிரவே இல்லை. ஓடிப்போய் முன்னால் நின்று, அவளுடைய வலது பக்கத்தை அடைத்தாள். அந்தப் பெண் இடது பக்கம் போகத் தெரியாமல் திணறியது. பந்தைப் பறித்துக்கொண்டு பாப்பா திரும்பி ஓடியதை எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் சத்தம் போடக் கூடாது. ஒரு கையில் போன். இன்னொரு கையால் என் தொடையிலேயே தட்டிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்து ஜெயித்தார்கள். கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மேடம் அவள் தலையில் கையை வைத்தார். எல்லாம் வீடியோவில் இருக்கிறது, நீ வந்ததும் ஜாஹித் கடையில் போட்டுப் பார்க்கலாம்.

கேட் பக்கம் நின்றிருந்தேன். வேர்த்து வழிய ஓடிவந்தாள்.

"அப்பா, எப்படி இருந்துச்சு?"

"கோர்ட் முழுசும் வந்திருக்கு பாப்பா. ஒரு மூலையக் கூட விடல."

"நான் ஆடினதைக் கேட்டேன்பா."

"அதுவும் வந்திருக்கு."

சிரித்தாள். "மேலயே பார்க்கல, பாத்தீங்களா? ஒரு தடவை கூட! மேடம் கைகுடுத்துட்டாங்க." அப்புறம் என் காலரைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, இதான் அந்த மஞ்சள் சட்டையா? இப்பதான் பார்க்கிறேன். கண்ணு கூசுதுப்பா."

"நல்லவேளை, முன்னாடியே பார்க்கல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். பூர்ணிமா கூப்பிட்டாள், பாப்பா ஓடிவிட்டாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம் அங்கேதான் இருப்பாள். நல்லதுதான். அதற்குத்தானே இத்தனை பாடு.

பொங்கலுக்கு எந்த பஸ் என்று சொல், ஆடுதுறையில் வந்து நிற்கிறேன். பிள்ளைகளுக்குக் குளிர் தாங்காது, குல்லாய் போட்டு வை. உன் முதுகுவலிக்குச் சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொல் கனிமொழியை.

இன்னொன்று. இது உனக்கு மட்டும், பாப்பாவிடம் சொல்லிவிடாதே. அந்த ஆட்டம் நெடுக, போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, உள்ளுக்குள்ளே நான் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரே ஒரு தடவை மேலே பாரு பாப்பா.

ரெத்தினம்